பிராய்லர் கோழிக்கும் இரவு வேண்டும்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், கோயமுத்தூரிலிருந்து பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் இரவு பஸ்ஸில் போனால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளநீளமான கொட்டகைகள். அவற்றுக்குள் வரிசையாக மின்விளக்குகள். கல்யாண வீடோ என்று நினைக்கத் தோன்றும். அவை பிராய்லர் கோழிப் பண்ணைகள். பல பண்ணைகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு அணையாது. ஒரு கொட்டகையில் இருக்கும் ஐயாயிரம், பத்தாயிரம் கோழிகள் விடிய விடிய விழித்திருந்து தீனி தின்ன வேண்டும் என்பதற்காகவே அந்த வெளிச்சம்.

கோழி இருட்டில் தின்னாது. இது நம் பாட்டிமார்கள் அறிந்ததுதான். பொழுது சாய்ந்தால் நாட்டுக்கோழி தானாகக் கூட்டுக்கு வந்து அடைந்துவிடும். பிறகு விடியும்வரை தானியத்தை முன்னால் கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே வெளிச்சத்தை நீட்டித்தால் தின்னும் நேரம் நீளும், தின்னும் நேரம் நீண்டால் எடை கூடும் என்று பண்ணைத் தொழிலில் கணக்குப் போட்டார்கள். கேட்பதற்கு நியாயமான கணக்குதான். ஆனால் அந்த வெளிச்சமே கோழியின் காலையும் நெஞ்சையும் கண்ணையும் கெடுக்கிறது, கடைசியில் எடைக் கணக்கையும் கூடக் குறைக்கிறது என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

அதற்குள் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பிராய்லர் கோழி என்றாலே, "ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள்" என்று சொல்லாத வீடு இல்லை. இது உண்மை அல்ல. வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப் போல அதுவும் செரித்துப் போய்விடும். ஊசியாகப் போடுவதென்றால் பத்தாயிரம் கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பப் போட வேண்டும். எந்தப் பண்ணையாளருக்கும் அது கட்டுப்படியாகாது. கோழியின் அசுர வளர்ச்சிக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவு இது: 56 நாளில் 1957-ஆம் ஆண்டு இனத்துக் கோழி 905 கிராம், 1978-ஆம் ஆண்டுக் கோழி 1,808 கிராம், 2005-ஆம் ஆண்டுக் கோழி 4,202 கிராம். தீவனம் ஒன்றே, கோழிதான் வேறு.

இப்படிப்பட்ட கோழியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பொரிக்கும்போது நாற்பது கிராம் இருந்த குஞ்சு ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. சதை வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் நுரையீரலும் ஈடு கொடுக்க வேண்டும். அவை சதை அளவுக்கு வேகமாக முதிர்வதில்லை. இளம் காலில் குருத்தெலும்பு உறுதியான எலும்பாக மாறுவதற்கு முன்பே பெரிய பாரம் மேலே ஏறிவிடுகிறது. கால் வளைகிறது, நடை தள்ளாடுகிறது. சில கோழிகள் இரண்டடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். நெஞ்சுக்கும் இதே கதிதான். பெருத்துவிட்ட உடம்புக்குப் பிராணவாயு போதாமல் இதயத்தின் வலது பக்கம் திணறி, ரத்தம் தேங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. மனிதர்களில் மகோதரம் என்று வைத்தியர்கள் சொன்னார்களே, அதுபோல. இன்னொரு வகைச் சாவு திடீரென்று வரும். நன்றாகத் தின்று கொழுத்த, பெரும்பாலும் சேவலாக இருக்கும் கோழி, சட்டென்று சிறகடித்து மல்லாந்து விழும். ஒரு நிமிஷத்தில் உயிர் போய்விடும். காலையில் கொட்டகைக்குள் நுழையும் பண்ணையாளர், கால்கள் மேலே தூக்கியபடி கிடக்கும் கோழியைப் பார்த்ததும் இன்ன சாவு என்று சொல்லிவிடுவார்.

வெளிச்சத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? முதல் சம்பந்தம் வேகம். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் முதல் மூன்று வாரத்திலேயே குஞ்சு மளமளவென்று எடை போடுகிறது. எலும்பும் இதயமும் தயாராவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. தினமும் சில மணி நேரம் இருட்டு இருந்தால் இந்த ஆரம்ப வேகம் சற்றுக் குறைகிறது; உள்ளுறுப்புகளும் எலும்பும் பின்தங்காமல் வளர்கின்றன. விட்டுப்போன எடையைக் கோழி பின் வாரங்களில் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்கிறது.

இரண்டாவது சம்பந்தம் இன்னும் நுட்பமானது. மூளையோடு ஒட்டியிருக்கும் பீனியல் என்ற சிறு சுரப்பி, இருட்டில் மட்டும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பறவைகளுக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை; மெல்லிய மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள்ளும் போய்ச் சேருகிறது. ஆகவே கோழி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் விளக்கு எரிந்தால் அதன் உடம்புக்கு அது பகல்தான். மெலடோனின் ஏறி இறங்கும் ஒழுங்கை வைத்துத்தான் உடம்புச் சூடு, தின்னும் நேரம், ஓய்வு நேரம், நோய் எதிர்ப்பு எல்லாம் ஒரு தாளத்தில் நடக்கின்றன. இரவே இல்லையென்றால் தாளம் தவறிவிடும். நம்மில் இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கண். குஞ்சுகளை ஓயாத வெளிச்சத்தில் வளர்த்தால் கண்விழி அளவுக்கு மீறிப் பெருத்துவிடுகிறது என்பது 1957-லேயே தெரிந்துவிட்டது. விழியின் முன்பகுதி தட்டையாகி, உள்ளே அழுத்தம் கூடிப் பார்வை கெடுகிறது. இதற்கு நேர்மாறாக, மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கவும் வெளிநாட்டு மூடிய கொட்டகைகளில் பகல் முழுவதும் மங்கலான வெளிச்சம் வைத்தார்கள். அதிலும் கண் பெருக்கிறது. ஆக, கண்ணுக்கு வேண்டியது பகலில் நல்ல வெளிச்சம், இரவில் நல்ல இருட்டு; இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கேதான் விஷயம் எடைக் கணக்கைத் தாண்டிப் போகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1992-இல் கோழியின் நடைக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை வகுத்தார்கள். நன்றாக நடந்தால் பூஜ்யம். நடக்கவே முடியாவிட்டால் ஐந்து. பிறகு 2008-இல் அதே பல்கலைக்கழகத்தார் 176 பண்ணைக் கூட்டங்களில் 51,000 கோழிகளின் நடையைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 27.6 கோழிகளுக்கு நடை மோசம், 3.3 கோழிகளால் ஏறக்குறைய நடக்கவே முடியவில்லை என்று தெரிந்தது. எந்தப் பண்ணைகளில் நடை மோசமாக இருந்தது என்று காரணம் தேடியபோது அகப்பட்டவற்றில் ஒன்று, இருட்டு நேரம் குறைவாக இருந்தது.

நொண்டுகிற கோழிக்கு வலிக்கிறதா, அல்லது அதன் நடை வெறும் இயந்திரக் கோளாறு மட்டும்தானா என்று ஒரு வாதம் உண்டு. கோழியால் வாய்விட்டுச் சொல்ல முடியாதே! அதே பிரிஸ்டல்காரர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு நிறத் தீவனங்கள் வைத்தார்கள். ஒன்றில் வலி நிவாரண மருந்து கலந்திருந்தது, மற்றதில் இல்லை. நொண்டிய கோழிகள் நல்ல நிலையில் இருந்த கோழிகளைவிட மருந்துத் தீவனத்தை அதிகமாகத் தேடித் தின்றன. நொண்டல் எவ்வளவு கடுமையோ அவ்வளவு அதிகம் தின்றன. இதைப் படித்த பிறகு, "பறவைக்கு என்ன தெரியும்" என்று நம்மால் எளிதில் சொல்ல முடியவில்லை.

நடக்க முடியாத கோழி உட்கார்ந்தே இருக்கும். கீழே இருப்பது உமியோ தேங்காய்நார்க் கழிவோ பரப்பிய ஆழ்கூளம். எச்சத்தின் ஈரமும் அம்மோனியா நெடியும் சேர்ந்த அந்தக் கூளம் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நெஞ்சுத் தோலும் கால் மூட்டும் பாதமும் புண்ணாகின்றன. தண்ணீர்க் குழாய்வரை போகவும் முடியாமல் சில கோழிகள் வாடிச் சாகின்றன.

எவ்வளவு இருட்டு வேண்டும்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொன்னது கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகம். அங்கே 14, 17, 20, 23 மணி நேரம் என்று நான்கு வகை வெளிச்சத்தில் கோழிகளை வளர்த்து ஒப்பிட்டு, 2012, 2013-ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிக எடை போட்டது 23 மணி வெளிச்சக் கோழி என்று நினைப்போம். இல்லை, 20 மணி வெளிச்சக் கோழிதான். இருட்டு கூடக்கூடச் சாவு குறைந்தது, நொண்டல் குறைந்தது, ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனமும் குறைந்தது. 23 மணி வெளிச்சத்தில் இருந்தவற்றுக்கு மெலடோனின் ஏற்ற இறக்கமே உண்டாகவில்லை. விழித்திருக்க அதிக நேரம் கிடைத்தும் அவை நடப்பதும், சிறகை நீட்டி மடக்குவதும், இறகு கோதுவதும் குறைவாகவே இருந்தது. தூக்கம் கெட்டவன் பகலில் தூங்கி வழிவது போலத்தான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழலாம்: முன்பெல்லாம் கையேடுகள் ஏன் 24 மணி நேரம் என்று சொல்லாமல், 23 மணி வெளிச்சம், ஒரு மணி இருட்டு என்று சொல்லின? அந்த ஒரு மணி நேரம் கோழியின் ஓய்வுக்காக அல்ல. இருட்டையே அறியாத கோழிக்கூட்டத்தில் திடீரென்று கரண்ட் போனால் பயந்து மூலையில் போய்க் குவிந்து, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இருட்டு என்று ஒன்று உண்டு என்று பழக்குவதற்காகவே அந்த ஒரு மணி நேரம்.

ஐரோப்பாவில் இது சட்டமாகிவிட்டது. 2007-இல் இயற்றி 2010 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஆணைப்படி, முதல் வாரமும் கடைசி மூன்று நாளும் தவிர, நாளொன்றுக்கு மொத்தம் 6 மணி நேரமாவது இருட்டு இருக்க வேண்டும். அதில் 4 மணி நேரமாவது இடைவிடாமல் இருக்க வேண்டும். பகலில் குறைந்தது 20 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. பௌர்ணமி நிலா சுமார் கால் லக்ஸ்தான். ஆகவே நிலா வெளிச்சத்தால் கோழியின் இரவு கெட்டுவிடாது.

நம் நாட்டு நிலவரம் வேறு. வெளிநாட்டில் கொட்டகை நான்கு பக்கமும் மூடியிருக்கும். பகலும் இரவும் ஒரு சுவிட்சில் இருக்கிறது. நம் ஊர்க் கொட்டகைகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கம்பிவலை மட்டும் அடித்த திறந்த கொட்டகைகள். கோவை வட்டாரத்தில் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். டெல்லியில் இதுவே குளிர்காலத்தில் பத்தேகால் மணியும் கோடையில் பதினான்கு மணியுமாக மாறும். எப்படிப் பார்த்தாலும் சூரியன் நமக்கு வருஷம் முழுவதும் பத்து மணி நேரத்துக்குக் குறையாத இருட்டை இலவசமாகத் தருகிறது. ஐரோப்பியர் பணம் செலவழித்துத் திரை போட்டு உண்டாக்கும் இருட்டை நாம் பணம் செலவழித்து விளக்குப் போட்டு விரட்டுகிறோம்!

ஆனால் நம் பண்ணையாளர் முட்டாள் அல்ல. அவர் விளக்கு எரிப்பதற்கு அவருடைய காரணங்கள் இருக்கின்றன. முதலாவது வெயில். சித்திரை, வைகாசியில் பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணிவரை கோழி வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு கிடக்கும். தின்னாது, தின்றாலும் செரிக்கும் சூடு சேர்ந்து செத்துப்போகும். குளிர்ந்த இரவில்தான் அது தின்ன முடியும். இரண்டாவது பாம்பு, கீரி, பூனை, எலி. பிறகு இரண்டு கால் திருடர்கள். மூன்றாவது குஞ்சுப் பருவம். பல இடங்களில் தகர மூடிக்கு அடியில் குண்டுபல்புகளைத் தொங்கவிட்டுத்தான் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிறார்கள். முதல் சில நாள் 33 முதல் 35 டிகிரி வேண்டும். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே பல்பு என்றால் அணைப்பது எப்படி? இதனால்தான் கரி அடுப்போ காஸ் புரூடரோ வைப்பவர்களுக்கு இருட்டுப் பழக்குவது சுலபமாக இருக்கிறது.

இந்தக் காரணங்களை ஒதுக்காமலே வழி செய்ய முடியும். முதல் ஏழு நாள் குஞ்சுக்கு வெளிச்சம் ஏறக்குறைய நாள் முழுவதும் வேண்டியதுதான். தீவனத்தட்டும் தண்ணீரும் எங்கே இருக்கிறது என்று அது கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகு படிப்படியாக நான்கு மணி, ஆறு மணி என்று இருட்டைக் கூட்டலாம். இனக்கோழி விற்கும் பெரிய கம்பெனிகளின் வளர்ப்புக் கையேடுகளே இன்று ஒரு வாரத்துக்குப் பின் நான்கு மணியாவது இருட்டு வேண்டும் என்கின்றன. கோடையில் இரவு ஒன்பது மணிவரை விளக்கில் தின்ன விட்டு, ஒன்பதிலிருந்து மூன்றுவரை இருட்டாக்கி, மூன்று மணிக்கு மறுபடி விளக்குப் போட்டால் விடியற்காலைக் குளிர்ச்சி முழுவதும் தின்பதற்குக் கிடைக்கிறது. ஆறு மணி இரவும் கிடைக்கிறது. காவலுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் கொட்டகைக்கு வெளியே, உள்ளே விழாதபடி மறைத்துப் போடலாம்.

இருட்டு அதிகமானாலும் தொந்தரவு உண்டு. பத்து மணி நேரம் பட்டினி கிடந்த கூட்டம் விளக்கு எரிந்தவுடன் தீவனத்தட்டுக்கு ஒரேயடியாகப் பாய்ந்து, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி நகத்தால் கீறிக்கொள்ளும். கீறலில் சீழ் பிடிக்கும். இதில் அளவு முக்கியம்.

முட்டைக்கோழியையும் இதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. நாமக்கல் பண்ணைகளில் முட்டையிடும் கோழிக்குப் பதினாறு மணி வெளிச்சம் கொடுப்பது, நாள் நீண்டால் சினைப்பை தூண்டப்பட்டு முட்டை கூடும் என்பதற்காக. அது வேறு கணக்கு.

விளக்கின் நிறத்தைப் பற்றியும், பச்சை நல்லது நீலம் நல்லது என்று ஆராய்ச்சிகள் இருக்கின்றன. இரவு இல்லாத கொட்டகையில் பல்பின் நிறத்தை மாற்றிப் பெரிய பயன் வந்துவிடாது என்பது என் எண்ணம்.

இதில் பணம் எங்கே வருகிறது? 1990-களில் கோவை வட்டாரத்தில் வேரூன்றிப் பிறகு பல மாநிலங்களுக்கும் பரவிய ஒப்பந்த வளர்ப்பு முறையில், குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருகிறது. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் செலவானது, எத்தனை கோழி செத்தது என்று பார்த்து அந்தக் கூலி ஏறும் அல்லது இறங்கும். ஐந்தாவது வாரத்தில் இரண்டு கிலோக் கோழி ஒன்று மல்லாந்து செத்தால் அது தின்ற மூன்று கிலோ தீவனமும் அதனோடு போயிற்று. ஐயாயிரம் கோழியில் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகச் செத்தால் ஐம்பது கோழி. தீவனம் மட்டும் நூற்றைம்பது கிலோ. கரண்ட் கட்டணம் தனி. கொட்டகை போட வாங்கிய பாங்குக் கடனுக்குத் தவணை கட்டும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆக, கோழியின் மேல் இரக்கம் இருப்பவரும் காசில் கண்ணாக இருப்பவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கலாம்.

டெல்லி, மும்பை, புனே என்று எங்கே இருந்தாலும் கடையில் உயிர்க்கோழியைப் பார்த்து வாங்குகிறவர்கள், காலின் பின்பக்க மூட்டைக் கவனியுங்கள். பழுப்பாக, கருப்பாகத் தீய்ந்தது போலத் தழும்பு இருந்தால் அந்தக் கோழி ஈரக் கூளத்தில் வெகுநேரம் உட்கார்ந்தே கிடந்தது என்று பொருள். அந்தத் தழும்பினால் இறைச்சி விஷமாகிவிடாது. ஆனால் அது எப்படி வளர்ந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்கவும் ஒரு கேள்வி கிடைக்கும்.

ஊரில் கொட்டகை வைத்திருக்கும் அண்ணனோ மச்சானோ உள்ளவர்கள் அடுத்த தடவை பேசும்போது இதையும் சொல்லிப் பாருங்கள்: விளக்கை அணைக்கும் நேரம் தினமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இருட்டு நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் விளக்குப் போடும் நேரத்தைத்தான் முன்பின்னாக மாற்ற வேண்டும். நாலைந்து நாளில் கோழிக்கு அணைக்கும் நேரம் பழகிவிடும். இருட்டப் போகிறது என்று அறிந்து, அதற்கு முன்பாகவே தீனிப்பையை நிரப்பிக்கொண்டு, தண்ணீரும் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடும். நிரப்பிக்கொண்ட தீனி இரவு முழுவதும் மெல்ல மெல்லச் செரித்துக்கொண்டிருக்கும்.